பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு

போலீஸ் பேண்டில் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்ற தேவசகாயம், ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்தார். கணினியில் ஒலிப்பதிவு செய்வது அவருக்குப் புதிது. அதைக் கற்றுக்கொடுத்தவர் பூங்கோதை டீச்சர். வயதில் அவருடைய மகளைவிட இளையவர். ஆனாலும் பாடம் நடக்கும்போது தேவசகாயம் அவர் முன்னால் உட்காரமாட்டார்.

“உக்காருங்க சார். ஸ்கிரீன் தெரியாது.”

“தெரியுது டீச்சர்.”

மாவட்ட விழாவில் பாடவேண்டிய குழுவில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பு. விழா நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் வெளியூரில் அவர்களுக்குக் கோகோ போட்டி வந்துவிட்டது. பெண்கள் அழுதார்கள்.

“நீங்க ஆட்டத்துக்குப் போங்கம்மா. உங்க குரல் மேடையில நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு” என்றார் தேவசகாயம்.

அவர்கள் குரலைக் கணினியில் பதிவு செய்துகொண்டார். ஒலிபெருக்கியில் அது ஒலிக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் நின்று கூடவே பாடவேண்டும். அதுதான் ஏற்பாடு. எட்டாம் வகுப்பு நம்பிப் பஸ் ஏறிவிட்டது.

விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை. பாட்டின் தொடக்கம், தாளமில்லாமல் இழுத்துப் பாடும் தொகையறா. ஒலிபெருக்கியில் அக்காக்கள் தொடங்கினார்கள். சின்னவர்களின் குரல் பின்னால் ஓடியது. அடுத்த வரியிலும் அதே கதை. அதற்கடுத்த வரிக்குப் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை.

ஒத்திகை பார்க்க வந்திருந்த தலைமை ஆசிரியை எழுந்தார்.

“சாப்பாட்டு மணிக்குள்ள இது சேரலைன்னா பாட்டு கிடையாது சார். கோலாட்டம் போட்டுக்கறேன்.”

அவர் போனதும் தேவசகாயம் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“தூங்குறீங்களா? அக்காங்க பாடுறது காதுல விழலையா?”

“விழுது சார்” என்றாள் முன்வரிசையில் நின்ற ரெஜினா. “எப்போ ஆரம்பிப்பாங்கன்னுதான் தெரியல. கதவு தட்டாம உள்ள வர்ற மாதிரி வர்றாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த பூங்கோதையிடம் போனார்.

“டீச்சர், பதிவுல ஒரு தூசி கிடையாது. சுருதி சுத்தம். பின்ன ஏன் சேர மாட்டேங்குது?”

“தூசின்னா?”

“மூச்சு வாங்குற சத்தம் டீச்சர். ஒவ்வொரு வரிக்கு முன்னாலயும் புஸ்ஸு புஸ்ஸுன்னு. நேத்து முழுக்க உக்காந்து வெட்டி எடுத்தேன்.”

“அதுக்கு மட்டும் உக்காந்தீங்களா?”

“விளையாடாதீங்க டீச்சர். எங்க பேண்டுல ஒருத்தன் மூச்சு வெளிய கேட்டா, அன்னைக்கு அவனுக்கு மைதானத்தைச் சுத்தி ஓட்டம்.”

பூங்கோதை எழுந்து வந்தார். வெட்டுப்படாத முதல் பதிவைக் கணினியில் திறந்தார். பாடிய இடங்களை ஒவ்வொன்றாக ஓசையில்லாமல் செய்தார். மூச்சை மட்டும் விட்டுவைத்தார். எதுவும் அதனதன் இடத்திலிருந்து நகரவில்லை.

“டீச்சர்! பாட்டை எடுத்துட்டுக் குப்பையை வெச்சிருக்கீங்களே!”

“ஆமா சார்.”

பூங்கோதை பிள்ளைகளைப் பார்த்தார்.

“கண்ணை மூடிக்கோங்க. அக்காங்க பக்கத்துல நிக்கிறாங்க. அவங்க ஆரம்பிக்கும்போது நீங்களும் ஆரம்பிங்க.”

ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மூச்சு வந்தது. பல பெண்கள் சேர்ந்து இழுத்த மூச்சு. அறையில் இருந்த சின்ன நெஞ்சுகளும் கூடவே நிமிர்ந்தன.

அத்தனை பேரும் ஒரே நொடியில் பாட்டில் இறங்கினார்கள்.

வரி முடிந்தது. நிசப்தம். அடுத்து வந்த மூச்சு சின்னது. வரியும் வெடுக்கென்று எழுந்தது. அதற்கடுத்தது ஆழமான மூச்சு. பிள்ளைகளும் ஆழ இழுத்துக்கொண்டார்கள். அந்த நீண்ட வரியின் கடைசி இழுப்பு யார் தொண்டையிலும் அறுந்துபோகவில்லை.

தேவசகாயம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தார்.

“இதுல பாட்டே இல்லையே டீச்சர்.”

“இல்ல சார்.”

“எங்க பேண்டுல மூச்சு கேக்காமலே சேர்ந்து வாசிச்சோமே?”

“உங்களுக்கு முன்னால பேண்டு மாஸ்டர் கோலோட நின்னார். இவங்களுக்கு முன்னால யார் நிக்கிறா?”

தேவசகாயம் பிள்ளைகள் நின்ற திசையிலிருந்து பார்த்தார். ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்தது. அவ்வளவுதான்.

பிறகு அவரே மவுஸை வாங்கினார். முதல் பதிவை அப்படியே, பாட்டும் மூச்சுமாக, மீட்டு எடுத்தார். பூங்கோதை கை வைக்கவில்லை.

“ம், பாடுங்கம்மா.”

அக்காக்களும் சின்னவர்களும் சேர்ந்து மூச்செடுத்தார்கள். குரல் எழும்பியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க் கட்டிடத்தில் கணக்குப் பாடம் நின்றுபோனது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. தொகையறா முடிந்து தாளம் விழுந்ததும் வராண்டாவில் கைதட்டல் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டு மணி அடித்தது, ஒருவரும் அசையவில்லை. ரெஜினா கண்ணை மூடியபடியே கடைசி வரியை உச்சத்துக்குக் கொண்டுபோனாள். தேவசகாயத்தின் கைகள், பிடிக்க டிரம்பெட் இல்லாமல், காற்றில் எழுந்து நின்றன.

வாசலில் தலைமை ஆசிரியை மூச்சிரைக்க நின்றார்.

“நாளைக்கு முதல் நிகழ்ச்சி இதுதான்” என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

“அது சரி டீச்சர், பெட்டியில கேக்குற மாதிரி இல்லையே. எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க எங்கே? ஆட்டத்துக்குப் போகலையா?”

“ஆடிக்கிட்டு இருக்காங்க மேடம்” என்றார் பூங்கோதை. “இங்கேயும் இருக்காங்க.”