வரியில் இல்லாத விடை

தவசிக்கனி தாலுகா ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக அலுவலக உதவியாளர். மேசைக்கு மேசை கோப்பு தூக்கிக் கொடுப்பது வேலை. அந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நாற்பத்தேழாவது வயதில் அவருக்கு ஒரு வீம்பு பிறந்தது. பத்தாம் வகுப்பு தேறினால் பதிவறை எழுத்தர் ஆகலாம் என்றார்கள். தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டார்.

கணக்கு, அறிவியல், ஆங்கிலம்கூட முதல் தடவையிலேயே தேறிவிட்டார். தமிழ்தான் இரண்டு தடவை கவிழ்த்தது. ஆபீசில் சிரித்தார்கள். இங்கிலீஷில் பாஸ் ஆகித் தமிழில் பெயில் ஆன ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள்.

செய்யுளை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவர். அவரைக் கவிழ்த்தது கதைப் பத்தி. பாடப்புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒரு கதையிலிருந்து பத்து வரி கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்கள். அதை மனப்பாடம் செய்ய வழியில்லை.

ஆபீசுக்கு எதிரே கிளை நூலகம். நூலகர் ஜெனோவாவுக்கு இருபத்தெட்டு வயது. ஊரில் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் சந்தேகம் கேட்க அவளிடம்தான் போவார்கள். தவசிக்கனி ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றார். தன் மூத்த மகளைவிட நாலே வயது பெரியவளை டீச்சர் என்று கூப்பிட அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. மூன்றாவது தடவை தோற்பதில்தான் கூச்சம் இருந்தது.

போன பரீட்சையின் வினாத்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மேசைமேல் விரித்தார். பத்தி இதுதான்:

‘நாகலிங்கம் தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். திரும்பும்போது இரண்டு பேர் வருவோம் என்று வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டு இறங்கினார். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு நாலாவது வீடு. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மாமியார் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிக்கு விழுந்த இடத்தில் மகள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நாகலிங்கம் படியில் வைத்த காலை எடுத்தார். ஒரு ஆள்தானா என்று வண்டிக்காரன் கேட்டான். ஓட்டுப்பா என்றார்.’

நாகலிங்கம் ஏன் உள்ளே போகாமல் திரும்பினார் என்பது கேள்வி.

தான் எழுதிய விடையை அவர் ஒப்பித்தார். சம்பந்தி வீட்டில் மரியாதை கிடைக்காததால் திரும்பினார். மரியாதை இல்லாத வீட்டில் கால் வைக்கக் கூடாது. இரண்டாவது வாக்கியத்தை, திருத்துகிறவருக்குப் பிடிக்கும் என்று சேர்த்திருந்தார்.

“மரியாதை கிடைக்கலைன்னு எந்த வரியில இருக்கு அண்ணாச்சி?”

தவசிக்கனி விரலை வைத்துத் தேடினார். “வரியில இல்லை. ஆனா அப்படித்தானே இருக்கும்?”

“யாருக்கு?”

அவர் தாளிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, கொஞ்சம் சூடாகவே கேட்டார். “ஏன் திரும்பினாருன்னும் எந்த வரியிலயும் இல்லியே டீச்சர். எழுதாததை நான் எப்படி விடையா எழுத?”

ஜெனோவா மேசை டிராயரைத் திறந்தாள். பழைய புத்தக அட்டவணை அட்டை ஒன்றை எடுத்தாள். பிளேடால் அதன் நடுவில் ஒரு வரி அளவுக்கு நீளமாக வெட்டி எடுத்தாள். அட்டையைப் பத்தியின் மேல் வைத்தாள். ஒரு வரி மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் மறைந்துபோனது.

ஒவ்வொரு வரியாக நகர்த்த வேண்டும். அந்த வரி என்ன கொடுத்ததோ அதை மட்டும் சொல்ல வேண்டும். கொடுக்காததைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் பாடம் என்றாள். கேள்வி இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இருந்தது அவருக்கு. ஆனாலும் அட்டையை வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தினமும் ஒன்றரைக்கு வந்தார். டிபன்பாக்ஸைக் காலிசெய்ய ஐந்து நிமிஷம், மீதி இருபத்தைந்து நிமிஷம் வாசிப்பு. ஜெனோவா அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பாள். அவர் அட்டையை நகர்த்துவார். இரண்டு வரி ஒழுங்காகப் போகும். மூன்றாவது வரியில், எழுதாததற்குத் தாண்டிவிடுவார்.

ஒரு கதையில், கடன் வாங்கிய பாத்திரத்தை ஒருத்தி பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொடுத்தாள். குத்திக்காட்டுகிறாள் என்று நோட்டில் எழுதினார் தவசிக்கனி. இன்னொன்றில், ஒரு வாத்தியார் பழைய மாணவனைச் சந்தையில் பார்த்து, பெயர் சொல்லாமல் ‘வா தம்பி’ என்றார். வேண்டுமென்றே பெயரை விட்டுவிட்டார் என்று எழுதினார். கல்யாணவீட்டில் ஒரு கிழவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று எழுதினார்.

ஐந்தாவது பத்தியன்று ஜெனோவா நோட்டை மூடினாள்.

“அஞ்சு கதையையும் எழுதினது அஞ்சு பேர் அண்ணாச்சி. உங்க நோட்டுல அஞ்சும் ஒரே கதையா இருக்கு.”

தவசிக்கனிக்கு முகம் சிவந்தது.

“உங்களை யார் அவமானப்படுத்தினது?” என்று அவள் கேட்டாள்.

அவர் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அட்டை மேசையிலேயே கிடந்தது.

இரண்டு நாள் வரவில்லை. எதிர்ப்பக்கம் ஆபீஸ் வராந்தாவில் நின்றபடி டீ குடித்தார். நூலகத்தின் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அந்த இரண்டு நாளும் கோப்புகளை மேசை மாற்றி வைத்து ஏச்சு வாங்கினார். மூன்றாவது தமிழ்ப் பரீட்சைக்கு இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. யார்மேல் கோபப்பட்டாலும் அது தள்ளிப்போகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் ஒன்றரைக்கு வந்து உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார். உடன்குடியில் தம்பி சேர்மதுரை இருக்கிறான். அம்மா அவனோடுதான் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே இறந்துபோனாள். மூத்த மகனான இவருக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில், சுடுகாட்டிலிருந்து ஆட்கள் ஈரத் துண்டோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தெருவிலிருந்தே திரும்பி வந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு தம்பி முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெனோவா கடைசிவரை கேட்டாள். ஆறாவது பத்தியைத் திறந்து, அட்டையை அதன் மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அன்றைக்கு அவர் ஏழு வரி வரை எங்கும் தாண்டாமல் போனார்.

அதன் பிறகு வேலை மும்முரமாக நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி இரண்டானது. மழையில் நூலகம் ஒழுகிய வாரத்திலும் வந்தார். இடுப்புப் பிடிப்பு வந்தபோது நின்றுகொண்டே வாசித்தார். அவசரமாக வருகிற விடையை வாய்க்குள்ளேயே பிடித்துவைக்கப் பழகினார். அது கஷ்டமாக இருந்தது. ஒரு வரி கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருப்பது, பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதைவிடக் கஷ்டம் என்று மனைவியிடம் சொன்னார்.

ஒருநாள் டீச்சரே சறுக்கினாள். கதையில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருக்கும் கணவனை எழுப்பாமல் வெளியே போகிறாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்பது ஜெனோவாவின் எண்ணம். பக்க ஓரத்தில் பென்சிலால் அப்படித்தான் குறித்திருந்தாள். தவசிக்கனி அட்டையைப் பின்னால் நகர்த்தி நாலாவது வரியைக் காட்டினார். கொலுசு சத்தம் போடாமல் இருக்க அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்று இருந்தது.

“கோவத்துல போறவ கொலுசைப் பிடிப்பாளா டீச்சர்?”

ஜெனோவா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு தான் எழுதியதை ரப்பரால் அழித்தாள். ரொம்ப நாளாக இது தப்பாகவே இருந்திருக்கிறது என்றாள்.

மூன்றாம் மாதம், பழைய வினாத்தாளையே திரும்ப எடுத்து வைத்தாள். தவசிக்கனி அட்டையை வைத்து மெல்ல வாசித்தார். இரண்டாவது வரியில் அட்டை நின்றது.

“ரெண்டு பேர் வருவோம்னு சொல்லுதாரு” என்றார். சற்றுப் பொறுத்து, “அப்போ கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காரு” என்றார்.

அடுத்த வரி, அதற்கடுத்த வரி. தலை வாரும் மாமியார். மகளின் சிரிப்பு. படியிலிருந்து எடுத்த கால்.

அவர் நிமிரவில்லை. இத்தனை நாளும் இந்த வரிகள் இங்கேயேதான் இருந்தன. இரண்டு தடவை பரீட்சை எழுதிய கை, அந்தத் தாளின் மேல் அசையாமல் கிடந்தது.

“டீச்சர், இந்த ஆளுக்கு மரியாதைங்கற நினைப்பே இல்லை. மக நல்லா இருக்கான்னு பார்த்துட்டுத் திரும்பியிருக்காரு.”

ஜெனோவா பாராட்டவில்லை. அடுத்த பத்தியைத் திறந்தாள்.

பரீட்சையில் வந்த கதை ஒரு தபால்காரரைப் பற்றியது. அட்டையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால், இரண்டு கட்டைவிரல்களையும் வரிக்கு மேலும் கீழும் வைத்துக்கொண்டு வாசித்தார். விடையை ஒரே வாக்கியத்தில் எழுதினார். திருத்துகிறவருக்காக எதுவும் சேர்க்கவில்லை.

ஐம்பத்தெட்டு மதிப்பெண். சிரித்தவர்களே ஆபீசில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். பதவி உயர்வுக்கான கோப்பை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அவரே தூக்கிப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டிரங்குப்பெட்டியைத் திறந்தார். அடியில் ஒரு தபால் உறை இருந்தது. அம்மா இறந்த மறுமாதம் தம்பி எழுதியது. அப்போது ஒரே ஒரு தடவை, நின்றபடி படித்தார். கிழிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அட்டையை முதல் வரியின் மேல் வைத்தார்.

மறுநாள் ஒன்றரைக்கு நூலகத்துக்கு வந்தார். பரீட்சை முடிந்துவிட்டதே, இனி என்ன என்று ஜெனோவா கேட்டாள். அவர் கடிதத்தை எடுத்து வைத்தார். அவள் தயங்கினாள். வாசியுங்கள் என்றார். வாசித்தாள்.

‘அண்ணனுக்கு. அம்மா கடைசி ரெண்டு நாளும் உன் பேரைத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நான் பேசவில்லை. அவள் கையை விடவே இல்லை. ஆள் அனுப்பும்போது நேரம் போய்விட்டது. அவள் பாயை நான் இன்னும் சுருட்டவில்லை. சேர்மதுரை.’

முதல் தடவை படித்த அன்றைக்கு அவருக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் கேட்டது: நான் இருந்தேன், நீ இல்லை.

இப்போது நோட்டைத் திறந்து காட்டினார். பரீட்சைத் தாள் போலவே கேள்வியும் விடையும் எழுதியிருந்தார். தம்பி ஏன் உடனே ஆள் அனுப்பவில்லை? தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் வந்துவிட்டான் என்று அம்மா நினைத்திருந்தாள். அவன் பேசினாலோ எழுந்தாலோ, வந்தது அண்ணன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். பக்கத்தில், இரண்டாம் வரி, மூன்றாம் வரி, நாலாம் வரி, ஐந்தாம் வரி என்று ஆதாரம் குறித்திருந்தார். கையெழுத்து சுத்தமாக இருந்தது.

“ஒரு வரிகூடத் தாண்டலை டீச்சர்” என்றார். நோட்டை அவள் பக்கம் தள்ளினார். “ஆறு வருசம் தப்பா வாசிச்சிருக்கேன். இப்போ எழுதியிருக்கது சரியா?”

ஜெனோவா கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு விடையை. பென்சிலை எடுக்கவில்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“கதையில வர்றவங்ககிட்டப் போய்க் கேக்க முடியாது அண்ணாச்சி. அதனாலதான் வரியில தேடுதோம். உங்க தம்பி உடன்குடியில இருக்காரு. ரெண்டரைக்கு ஒரு பஸ் போகுது.”