விரல் முடுக்கு

பொன்மலையில் ஒரு மாவு மில் உண்டு. கீழே அரிசியும் மிளகாயும் அரைபடும்; மாடியில், ஞாயிறுதோறும், துளைப்பட்டைக் கழகம் கூடும். துளையிட்ட உலோகப் பட்டைகளைப் போல்ட்டும் நட்டும் கொண்டு பூட்டி, பாலம், பளுதூக்கி, கோபுரம் என்று விளையாட்டு மாதிரிகள் கட்டுகிற பெரியவர்களின் கழகம் அது. மில்லை நடத்துகிற மங்கையர்க்கரசியே அதற்கும் ஆசிரியை. நாற்பத்தொரு வயது. பேச்சைக் காட்டிலும் கை விரைவானவர்.

அங்கே ஒரு விதி. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறு மாதம் ஸ்பேனர் கிடையாது. விரலால் எவ்வளவு முடுக்க முடியுமோ, அவ்வளவே. ஸ்பேனர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன; டப்பா ஆசிரியையின் நாற்காலிக்குக் கீழே இருந்தது.

அருளப்பனுக்கு அந்த விதி முதல் நாளே தொண்டையில் சிக்கிக்கொண்டது. ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சரக்கு வண்டிகளைப் பழுது பார்த்து, ஃபோர்மனாக ஓய்வு பெற்றவர் அவர். தளர்ந்த நட்டைக் கண்டும் காணாதவன்போல் நகர்ந்த எவனையும் அவர் மன்னித்ததில்லை.

"வாத்தியாரம்மா, எனக்குமா ஸ்பேனர் இல்ல?"

"உங்களுக்கும்தான், ஐயா."

"ஆடுதே."

"ஆடட்டும்."

அருளப்பன் அதற்குமேல் கேட்கவில்லை. மறுவாரம் முதல் அவருடைய சட்டைப் பையில், கைக்குட்டைக்கு அடியில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன ஸ்பேனர் இருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை கழகம் கண்காட்சி நடத்தும். அதன் நடுநாயகம் ஒரு பாலம். இருவர் ஆளுக்கொரு பாதியைத் தத்தம் வீட்டில் கட்டிவந்து, அன்று காலை மாடியில் சேர்ப்பார்கள். நான்கு மணிக்குக் கதவு திறக்கும். சேராத பாலம் கண்காட்சி மேசை ஏறாது.

அந்த ஆண்டு மேற்குப் பாதி அருளப்பனுக்கு வந்தது. கிழக்குப் பாதி, அவரைப் போலவே புதிதாகச் சேர்ந்த தையற்கடை ஹபீபுல்லாவுக்கு.

அருளப்பன் தம் மனைவி ஜெசிந்தாவை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று குடும்பத்தாரைப் பணிமனைக்குள் விடுவார்கள். ஜெசிந்தாவும் போவார். அதற்குள் அருளப்பன் சரிசெய்த வண்டிகள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழி வெறுமையாகக் கிடக்கும். அதைக் காட்டி, "இங்கதான் வேலை பாத்தேன்" என்பார். முப்பத்திரண்டு முறை அந்த அம்மாள் குழியைப் பார்த்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். இந்த ஒரு தடவையாவது அவருக்குக் காட்ட ஒரு பொருள் இருக்க வேண்டும்.

காலை பத்து மணிக்கு இரண்டு பாதிகளும் வேலை மேசையில் எதிரெதிரே வைக்கப்பட்டன. நடுவில் ஆறு துளைகள். நான்கில் போல்ட் இறங்கியது. இரண்டில் இறங்கவில்லை. மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் அரைத்துளை விலகல்.

"பாய், உங்க பாதி கொடியில காயுற சட்டை மாதிரி தொங்குது. இதுல எப்படிச் சேரும்?"

"உங்க பாதிதான் மொடமொடன்னு கஞ்சி போட்டு நிக்குதே, அண்ணே. கொஞ்சம் குனிஞ்சாத்தானே மாலை போட முடியும்?"

அருளப்பன் ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு நெம்பினார். பட்டையின் ஓரம் நெளிந்தது. அவர் முகம் சிவந்தது.

"வாத்தியாரம்மா, நீங்களே வந்து நியாயம் சொல்லுங்க. யார் பக்கம் தப்பு?"

ஆசிரியை வந்தார். கிழக்குப் பாதியை ஒரு விரலால் தொட்டார். அது தொட்டில்போல் அசைந்து நின்றது. மேற்குப் பாதியைத் தொட்டார், அது அசையவில்லை. அதில் ஒரு நட்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். விரலுக்கு அது கட்டுப்படவில்லை.

"எதால முடுக்கினீங்க, ஐயா?"

அருளப்பன் கைக்குட்டையை எடுத்தார்; பிறகு அதன் அடியில் இருந்ததையும் எடுத்தார். ஆசிரியை அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"நல்லதாப் போச்சு. அதாலயே எல்லாத்தையும் ஒரு சுத்துத் தளர்த்துங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், வாத்தியாரம்மா?"

"முடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

நான்கு நாள் மாலைப்பொழுது ஆகியிருந்தது. அருளப்பன் ஸ்பேனரோடு உட்கார்ந்தார்.

முடுக்கியதைத் தளர்த்துவது அவர் கைக்குப் பழக்கமில்லாத வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் கட்டிய பாதி சற்றே தோள் தாழ்ந்தது. பத்தாவது நட்டை எட்டியபோது ஹபீபுல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் அமர்ந்து, தளர்ந்தவற்றை விரலால் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா, பாய்? முன்னாடியே?"

"லேசா ஒரு கச்சாத் தையல் போடாம எந்தச் சட்டையை மெஷின்ல வெச்சிருக்கேன், அண்ணே? கை தனியா, தோள் தனியாத்தானே வருது."

சாப்பாட்டை மறந்து இருவரும் வேலை செய்தார்கள். இரண்டு மணிக்கு மேற்குப் பாதியும் தொட்டால் அசைந்தது. மறுபடி சேர்த்தார்கள். அரைத்துளை விலகல் நூலளவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் அந்த இரண்டு போல்ட்டுகள் இறங்கவில்லை.

அருளப்பன் மீண்டும் கம்பியைத் தேடினார்.

"கை வைக்காதீங்க" என்றார் ஆசிரியை. இரண்டு போல்ட்டுகளையும் மேல் துளைகளில் செங்குத்தாகச் செருகி, முனை கீழ்ப்பட்டையில் தட்டி நிற்குமாறு விட்டார். பிறகு படியிறங்கிப் போனார்.

"எங்க போறாங்க?"

"மில்லுக்கு" என்றார் ஹபீபுல்லா. "ரெண்டு மணிக்கு ஓட்டணும்ல? தூக்குவாளியோட ஜனம் நிக்குது."

"இங்க பாலம் கிடக்குது, அங்க மாவா?"

கீழே சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. மோட்டார் முனகியது, சீறியது, பின்னர் சீராக ஓடியது. மாடித்தரை நடுங்கியது. மேசை நடுங்கியது. பாலத்தின் அத்தனை நட்டுகளும் கொலுசுபோல் மெல்லக் கிலுகிலுத்தன. யாரோ மிளகாய் கொண்டுவந்திருக்க வேண்டும். நெடி படியேறி வர, கழகத்தார் வரிசையாகத் தும்மினார்கள்.

அருளப்பன் தும்மவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு போல்ட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டைகள் மயிரிழை மயிரிழையாக ஒன்றுக்கொன்று இடம் விட்டன.

டிக்.

ஒன்று தலைவரை இறங்கிவிட்டது.

அவர் மூச்சு விடவில்லை. மிளகாய் அரைபட்டு முடியும் தறுவாயில் இன்னொரு டிக்.

"அண்ணே, இப்ப தும்மிக்கலாம்" என்றார் ஹபீபுல்லா.

ஆசிரியை மேலே வந்தபோது அவர் முழங்கைவரை சிவப்புத்தூள் படிந்திருந்தது. பாலத்தைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். ஹபீபுல்லாவுக்கு ஒரு ஸ்பேனர் கொடுத்தார். அருளப்பனுக்கும் ஒன்று நீட்டினார்.

"நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போங்க. இனிமே தாராளமா முடுக்கலாம்."

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பாலம் மேசை ஏறியது. அருளப்பன் உள்ளங்கையால் தட்டினார். அது அசையவில்லை.

ஜெசிந்தா முதல் ஆளாக வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார்.

"இதுல உங்க பாதி எது?"

அருளப்பனின் விரல் மேற்கே நீண்டது, பாதி வழியில் நின்றது, நடுவுக்குத் திரும்பியது.

"இந்த ரெண்டு போல்ட்டு தெரியுதா?"

"தெரியுது. நீங்க போட்டதா?"

"இல்ல. அதுவா விழுந்துச்சு."

"அதுவா விழுறதுக்கா ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை மத்தியானச் சோத்தை ஆறவெச்சீங்க?"

"ஆமா" என்றார் அருளப்பன். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஜெசிந்தா மீண்டும் குனிந்து அந்த இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு பின்னால் வந்தவருக்கு, தாமே கட்டியதுபோல் விளக்கத் தொடங்கினார்.

ஐந்தரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. டப்பா கைமாறி வந்தது; எல்லாரும் ஸ்பேனர்களைத் திருப்பி வைத்தார்கள். அருளப்பனும் தமக்குக் கொடுத்ததை வைத்துவிட்டு, ஆசிரியையின் அருகே நின்றார்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க, ஐயா."

"ஆறு மாசமும் முடியப் போகுது. இத்தனை நாள் எனக்கு ஏன் ஒரு ஸ்பேனர் தரல?"

மங்கையர்க்கரசி கையிலிருந்த மிளகாய்த்தூளைத் தட்டிவிட்டார்.

"உங்ககிட்டதான் இருந்துச்சே, ஐயா."

அருளப்பன் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து டப்பாவுக்குள் வைத்தார்.