தேர்தலில் தோற்ற நீர்நாய்

மேப்பிள் மரங்கள் அடர்ந்த காட்டில் ஓர் ஏரி இருந்தது. நீந்தத் தெரியாத முயல்களையும் முள்ளம்பன்றிகளையும் மரக்கட்டையில் ஏற்றி அக்கரை சேர்த்து வந்தது ஒரு நீர்நாய். யாரிடமும் முகம் சுளிக்காது. அதனால் ஏரிவாசிகள் அதையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை!

நீர்நாயும் சும்மா இருக்கவில்லை. உடைந்த கரையை அடைத்தது. வாத்துகளுக்கும் தவளைகளுக்கும் இருந்த ஓயாத சண்டையைத் தீர்த்து வைத்தது.

ஒரு கோடையில் மழை பொய்த்தது. தொலைதூரப் புல்வெளியிலிருந்து காட்டெருமைக் கூட்டம் ஒன்று தள்ளாடி வந்தது. கன்றுகளுக்கு நாக்கு தொங்கிப் போயிருந்தது.

“ஐயா, எங்கள் ஆறு வற்றிவிட்டது. கன்றுகளாவது குடிக்கட்டும்!” என்று கெஞ்சியது மூத்த எருமை.

“கூடாது!” என்று கத்தியது நரி. “இத்தனை பேர் குடித்தால் நமக்குச் சேறுதான் மிஞ்சும்!”

“ஆமாம், ஆமாம்!” என்றன மற்றவை.

நாரை நீர்நாயின் காதருகே குனிந்தது. “அடுத்த மாதம் தேர்தல். பேசாமல் இரு!”

நீர்நாய் கன்றுகளைப் பார்த்தது. “அளவோடு குடித்தால் எல்லோருக்கும் போதும். நான் தலைவராக இருக்கும்வரை தாகத்தோடு வந்தவர்களைத் துரத்த மாட்டேன்!” என்று சொல்லி வழிவிட்டது.

தேர்தலில் நரி வென்றது. நாரைகூட நரிக்குத்தான் சிறகு தூக்கியது. நீர்நாய்க்கு மனசு வலித்தது. ஆனாலும் மறுநாளே கட்டையைத் தள்ளிக்கொண்டு பழைய வேலைக்குப் போய்விட்டது.

“எருமைகளை விரட்டுங்கள்!” என்று உத்தரவு போட்டது நரி. கிட்டே போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பத்தாம் நாள் காய்ந்த புல்லில் தீப்பிடித்தது. காற்று அதை ஏரிக்கரை நாணலை நோக்கித் தள்ளியது. நாணலுக்குள் பறக்கத் தெரியாத நாரைக் குஞ்சுகள் இருந்தன. முதலில் தப்பி ஓடியது நரிதான்!

நீர்நாய் எருமைகளிடம் ஓடியது. “அக்கா, உதவுங்கள்!”

“நீ கேட்கவும் வேண்டுமா?” என்றது மூத்த எருமை.

கூட்டம் மொத்தமும் நாணலுக்கு முன்னால் பாய்ந்தது. புல்லை மிதித்து மிதித்து மண்ணோடு மண்ணாக்கியது. தீ அந்த வெறும் மண்வரை வந்தது. மேலே போக வழியில்லாமல் அணைந்தது.

நாரை கண்கலங்க வந்தது. “உனக்கு எதிராகச் சிறகு தூக்கினேனே! என் குஞ்சுகள் உன்னால்தான் பிழைத்தன.”

“அதற்கு முன் மூன்று முறை எனக்காகத் தூக்கினாயே! அந்த நன்றி எனக்கு இல்லையா?” என்றது நீர்நாய். “வா, இரண்டு பேரும் போய் எருமை அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம்.”

பதவி போகும் என்று தெரிந்தும் ஒருவர் செய்த நன்மை, ஒருநாள் எதிர்த்து நின்றவரையும் நன்றி சொல்ல வைக்கும்.