ஸ்கேனர் படிக்காத சேலை

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேனுங்க மேடம். ஸ்கேனர் மட்டும் படிக்க மாட்டேங்குது" என்றார் நல்லசிவம்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் அவர். வயது ஐம்பது. அவருடைய குரு கோகிலவாணிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊரில் எந்தக் கடையில் லேபிள் பிரிண்டர் மக்கர் செய்தாலும் கோகிலவாணிக்குத்தான் போன் போகும்.

அன்று ஆடித் தள்ளுபடி ஆரம்பம். வெளியே கூட்டம் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சேலைக்குக்கூட பில் போட முடியவில்லை. கடை திறப்பதற்குள் சரியாகாவிட்டால் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு நீயும் கிளம்பிவிடு என்று முதலாளி சொல்லியிருந்தார். 

போன் கிடைத்ததும் கடைக்கே வந்துவிட்ட குரு, என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

என்னதான் செய்யவில்லை! டிரைவரை மாற்றினார். ரிப்பனை மாற்றினார். கேபிளை மாற்றினார். பிரிண்டருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்ததையும் மறைக்காமல் சொன்னார்.

தள்ளுபடிக்காகப் புதிதாக அடித்து ஒட்டியிருந்த ஒரு சேலை லேபிளைக் குரு பார்த்தார். நடுவில் பார்கோடு. அதன் இடப்பக்கம் ஒட்டினாற்போல் பிள்ளையார் சுழி. வலப்பக்கம் ஒட்டினாற்போல் 'லாபம்'.

"இது யார் வேலைங்ணா?"

"சுழி போடச் சொன்னது முதலாளிங்க. ஒரு பக்கம் மட்டும் இருந்தா மொட்டையாத் தெரிஞ்சுது. லாபம் நான் போட்டதுங்க."

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

குரு கத்தரிக்கோலை எடுத்தார். அச்சடிக்காத லேபிளிலிருந்து இரண்டு துண்டு கத்தரித்தார். ஒன்றைப் பிள்ளையார் சுழி மேல் ஒட்டினார். இன்னொன்றை லாபத்தின் மேல் ஒட்டினார்.

ஸ்கேனரை நீட்டினார்.

டிக்.

சேலை தன் விலையோடு திரையில் வந்து நின்றது. நல்லசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணுமே இல்லாத வெள்ளை எடத்துல ஸ்கேனருக்கு என்னங்க வேலை?"

"கோடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அந்த வெள்ளையை வெச்சுத்தான் அதுக்குத் தெரியுமுங்ணா."

அதற்குள் வேறு கடையிலிருந்து போன் வந்தது. குரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நல்லசிவம் சுழியையும் லாபத்தையும் அழித்துவிட்டு லேபிள்களைப் புதிதாக அடித்தார். ஷட்டர் ஏறியது. கூட்டம் உள்ளே பாய்ந்தது.

பில் போடும் இடத்துக்கு வந்த முதலாளி முதல் சேலையின் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்னய்யா, ரெண்டு பக்கமும் வெள்ளையாக் கெடக்குது? பிள்ளையார் எங்க?"

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நல்லசிவம் மன்னிப்புக் கேட்டுவிடுவார். இன்று ஸ்கேனரை எடுத்தார். கோட்டுக்கு முன்னால் இருந்த வெள்ளையைத் தொட்டுக் காட்டினார். பொத்தானை அழுத்தினார்.

டிக்.

"இங்கதான் இருக்காருங்க. இவரைத் தாண்டித்தான் ஸ்கேனர் கோட்டுக்குள்ளயே போகுது."

முதலாளி மறுபடியும் லேபிளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கைகளாலும் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டார்.

பின்னால் வரிசையில் நின்றவர்களும், எதற்கென்று தெரியாமலே, குட்டிக்கொண்டார்கள்.