கரி சொன்ன சாட்சி

ஊரின் ஒரே குடிநீர்க் குளத்தைத் தன் எரிவாயு ஆலைக்குக் கேட்டு வந்த முதலாளி, கிராமசபை நடுவில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்து, அதன் குழாயில் ஓர் அடுப்பை இணைத்துப் பற்றவைத்தார்.

"தண்ணியிலிருந்து பிரிச்ச ஹைட்ரஜன்! எரிஞ்சா மறுபடி தண்ணிதான் ஆகும். பொட்டுக் கரி இருக்காது."

தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"பொறுங்கய்யா" என்றாள் சத்துணவுக்கூடத்தில் பாத்திரம் தேய்க்கும் பேச்சித்தாய்.

"உனக்கென்ன தெரியும்? முடிஞ்சா பொய்யின்னு நிரூபி!" என்று சீறினார் முதலாளி.

"எனக்கொண்ணும் தெரியாதுய்யா. கரி இருக்காதுன்னீங்க, அதான்..." காலையில் தேய்த்துக் கையோடு கொண்டுவந்திருந்த சட்டியை, மஞ்சளாக எரிந்த அந்த அடுப்பில் ஏற்றினாள். சற்றுப் பொறுத்துக் கவிழ்த்தாள். அடி கறுத்திருந்தது.

பெட்டியைத் திறக்கச் சொன்னார் தலைவர். உள்ளே சமையல் கேஸ் சிலிண்டர் இருந்தது.

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"இருபது வருஷமா இந்தக் கரியை அந்தக் குளத்துத் தண்ணியிலதான்யா தேய்க்கிறேன்."