எட்டுச் சாயக்காரரும் கண்ணாடித் தொட்டியும்

முன்னொரு காலத்தில், கண்ணாடி என்றால் அது ராஜா வீட்டில் மட்டுமே இருந்த காலத்தில், பொற்கேணிபுரம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜாவுக்கு உத்தமகீர்த்தி என்று பெயர். அது அவருடைய அப்பா வைத்த பெயர். ஊரார் வைத்த பெயர் கண்ணாடி ராஜா. ஏனென்றால் சபை மண்டபத்தின் நடுவில் மார்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கட்டி, அதில் மீன் வளர்த்தார். மந்திரி வரி பற்றிப் பேசும்போதும் ராஜாவின் கண் மீன்மேல்தான் இருக்கும்.

அதே ராஜ்ஜியத்தில், மூன்று நாள் நடைதூரத்தில், ஆற்றங்கரையில் எட்டுச் சாயக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏகாம்பரம் என்பவனின் பெண்சாதி பூங்காவனம். தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தே, இதில் சிவப்பு நிற்கும், இதில் நீலம் நிற்கும், இதில் ஒரு மண்ணும் நிற்காது என்று சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் புகையாண்டி என்கிற மந்திரவாதி அந்த ஆற்றங்கரைக்கு வந்தான். தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியை எடுத்து வீசினான்.

"வானவில்லில் இருக்கிற ஏழு நிறத்தையும் இதில் ஏற்றிக் கொடுங்கள்."

சாயக்காரர்களில் மூத்தவர் வஜ்ஜிரம். அவர் கம்பளியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கறுப்பில் எந்தச் சாயமும் ஏறாது சாமி. வெள்ளைக் கம்பளி கொண்டு வாங்க" என்றார்.

உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் உள்ளதைச் சொன்னால் சிலபேருக்கு உடம்பெல்லாம் எரியும். புகையாண்டிக்கு எரிந்தது. "என் கம்பளிக்கு நிறம் இல்லையா? அப்படியானால் உங்களுக்கும் நிறம் இல்லை!" என்று ஒரு பிடி சாம்பலை வீசினான். எட்டு ஆண்பிள்ளைகளும் விரல் நீளத்தில் எட்டுச் சாம்பல் நிற மீன்களாகிக் கரையில் துள்ளினார்கள். அவற்றை ஒரு குடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ராஜாவைக் காக்காய் பிடிக்கலாம் என்று தலைநகரத்துக்கு நடந்தான்.

துணி அலசிக்கொண்டிருந்த பூங்காவனம் எல்லாவற்றையும் பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே நடக்கவும் செய்தாள். மூன்று நாள் நடந்து, அவன் போய்ச் சேர்ந்த சற்று நேரத்திலேயே அவளும் சபைக்குள் நுழைந்துவிட்டாள்.

"வானவில் மீன் என்று சொல்லிக் கொடுத்தாய். அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கிறதே?" என்று ராஜா கேட்டுக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, அது மீன் இல்லை! மனுஷங்க! அதில் ஒருத்தர் என் வீட்டுக்காரர்!" என்று கத்தினாள் பூங்காவனம்.

புகையாண்டிக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாம், மனுஷர்கள்தான். அதனால் என்ன? சாயக்காரனுக்கு நிறம் திரும்பினால்தான் என் மந்திரம் முறியும். எட்டும் ஒன்றாக நின்று நிறம் காட்ட வேண்டும். மூன்று விடியல் தருகிறேன். மூன்றாம் நாள் வெயில் அந்தச் சிங்கத் தூணில் இறங்கிச் சிங்கத்தின் காலைத் தொடுவதற்குள் நிறம் வராவிட்டால், ஒன்பதாவது மீன் நீ. சம்மதமா?"

"சம்மதம். வந்துவிட்டால் ஒன்பதாவது மீன் நீ. உனக்குச் சம்மதமா?"

"ஓ, பேஷாக!" என்றான் அவன். ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பாயசம். இரண்டு பேரையும் மோதிரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யவைத்தார்.

முதல் விடியல். பூங்காவனம் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். சாம்பல் மீன்கள் மூலைக்கு ஒன்றாகப் பதுங்கிக் கிடந்தன. ஒன்று எட்டிப் பார்க்கும், ஓடும், ஒளியும். அப்போது தொட்டியின் அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரம்மா அது, விடிந்தும் விடியாமலும்?"

மணலில் புதைந்து கிடந்த ஒரு அயிரை மீன். அந்தக் காலத்தில் அயிரை பேசும். இந்தக் காலத்திலும் பேசும். நாம்தான் அது வாயைத் திறப்பதற்குள் குழம்பில் போட்டுவிடுகிறோம்.

"இங்கே என்ன குறை அயிரையே?" என்று கேட்டாள்.

"தினமும் காலையில் உலகமே காலியாகிறது, பிறகு புது உலகம் வருகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. அடியில் கிடக்கிற எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

அது சொல்லி முடிப்பதற்குள் நான்கு ஆட்கள் வந்து தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைக்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக் குடத்தில் மழைத் தண்ணீர் தயாராக இருந்தது. பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ராஜா உத்தரவு. பூங்காவனம் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"சப்பென்று இருக்கிறதே! இதில் துணிக்கே சிவப்பு நிற்காது, மீனுக்கு எங்கே நிற்கும்? நிறுத்துங்கப்பா! முழுக்க இறைக்காதீங்க. நாலில் ஒரு பங்கு எடுங்க, போதும். அந்த ஒரு பங்குக்குப் பாறைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்க. மெதுவா."

அன்றைக்கு ஊரில் இருந்த அத்தனை கிணற்றிலும் வாய் வைத்துப் பார்த்து, கோட்டைக்குப் பின்னால் சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய கிணற்றைக் கண்டுபிடித்தாள். கொஞ்சம் கிளிஞ்சலும் பொறுக்கிவந்து மணலில் பதித்தாள். மீன்கள் பதுங்கினபடிதான் இருந்தன. ஆனால் மூச்சுக்குத் தவிப்பது நின்றது.

இரண்டாம் விடியல்.

"இன்றைக்கு என்ன குறை அயிரையே?"

"மேலே ஒரு பூதம் ஓடுகிறது. அது வாலை ஆட்டினால் என் வீட்டு மணலெல்லாம் பறக்கிறது. அடியில் கிடக்கிற எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

பூதம் வேறு யாருமில்லை, ராஜாவின் செல்லக் கெண்டை. முழங்கை நீளம். உதட்டில் தங்க வளையம். போட்ட சோற்று உருண்டையை எல்லாம் அதுவே விழுங்கும். பக்கத்தில் வந்தவனை முட்டும். பூங்காவனம் நேரே ராஜாவிடம் போனாள்.

"மகாராஜா, கெண்டையைக் குளத்துக்கு அனுப்புங்க."

"என்னது? அது என் செல்லமாயிற்றே!"

"செல்லம்தான். யானையும் உங்க செல்லம்தான். அதைச் சமையற்கட்டில் கட்டிவைப்பீங்களா?"

ராஜா யோசித்தார். மீசையைத் தடவினார். கடைசியில் தானே கெண்டையைத் தூக்கிக்கொண்டுபோய் அல்லிக் குளத்தில் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வந்தார். நல்ல மனுஷன், பாவம்.

அதன்பின் பூங்காவனம் கோட்டைக்கு வெளியே ஓடிய ஆற்றிலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து பின்பக்கம் அடர்த்தியாக நட்டாள். முன்பக்கம் நீந்துவதற்கு இடம் விட்டாள். சோற்று உருண்டை இந்த மீன்களின் சின்ன வாய்க்குள் போகாது என்று பார்த்து, குதிரை லாயத்துத் தொட்டியிலிருந்து கொசுப்புழு வடிகட்டி வந்து தூவினாள். பாசிக்குள்ளிருந்து ஒரு சாம்பல் மூக்கு வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. சாயங்காலத்துக்குள் எல்லாம் தின்றுவிட்டன.

மூன்றாம் விடியல். கிழக்கு ஜன்னல் வழியாக முதல் வெளிச்சம் தொட்டியில் விழுந்தது. பாசிக்குள்ளிருந்து மீன்கள் ஒரே கூட்டமாக வெளியே வந்தன. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின. அட! முதுகில் நீலம் ஓடியது. பக்கவாட்டில் பொன் கோடு. துடுப்பு ஓரத்தில் மாதுளம்பூச் சிவப்பு. ராஜா சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினார்.

பூங்காவனம் எண்ணினாள். நீங்கள் ஓடுகிற மீனை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எட்டு என்று வரும், ஆறு என்று வரும், ஒருமுறை பதினொன்றுகூட வரும். முதல் இரண்டு நாளும் பதுங்கிக் கிடந்ததால் அவளால் எண்ணவே முடியவில்லை. இப்போது அமைதியாகச் சேர்ந்து நின்றதால் எண்ணிக்கை சரியாக வந்தது. ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழு. மூன்றாம் முறையும் ஏழு.

"அயிரையே, எட்டாவது எங்கே?"

"எட்டாவதா? முதல் நாளே ஏழுதான் விழுந்தது அம்மா. அடியில் கிடக்கிற எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

"அடப் பாவி, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ கேட்கவில்லையே" என்றது அயிரை.

அவள் திரும்பினாள். புகையாண்டி பின்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் திருவோடு, அதன்மேல் வாழை இலை மூடி. இலையை விலக்கிக் காட்டினான். நாலு விரல்கடைத் தண்ணீரில் ஒரு சாம்பல் மீன் ஒருச்சாய்த்துக் கிடந்தது. பூங்காவனத்துக்கு யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உன் புருஷன்தான்" என்றான் புகையாண்டி. ராஜாவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பந்தயத்தை விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். இவனை எடுத்து உன் கையில் வைக்கிறேன், வைத்த மறுகணம் மனுஷன். வீட்டுக்குப் போங்கள். அந்த ஏழும் இங்கேயே கிடக்கட்டும். சொல்ல மாட்டாய் என்றால் எட்டு சேராது. இவனும் மீன், நீயும் மீன்."

பூங்காவனத்துக்கு ஆசை வந்துவிட்டது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கட்டின புருஷன் மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறான், யாருக்குத்தான் வராது? ஆனால் அவள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஏழு பெண்கள் ஓடிவந்து கட்டுச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார்கள். திரும்பிப்போய் அந்த ஏழு முகத்தையும் எப்படிப் பார்ப்பது?

"பேச்சு அப்புறம். இவர் சாகப்போகிறார்" என்றாள். "செத்தவரை வைத்துக்கொண்டு நான் எதை விட்டேன் என்று சொல்ல? முதலில் மூச்சு வரட்டும். திருவோட்டைத் தொட்டியில் மிதக்க விடு."

"ஏன், அப்படியே நல்ல தண்ணீரை ஊற்றேன்?"

"ஒரேயடியாக மாற்றினால் தாங்காது. சூடும் ருசியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரணும்."

செத்த மீனை வைத்து அவனாலும் பேரம் பேச முடியாதே! தொட்டியின் மூடியை எடுத்து, திருவோட்டை மிதக்கவிட்டான், ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். பூங்காவனம் தொட்டித் தண்ணீரில் ஒரு கை அள்ளி ஓட்டில் விட்டாள். பொறுத்தாள். இரண்டாம் கை. பொறுத்தாள். மூன்றாம் கை. மீன் நிமிர்ந்தது. செவுள் சீராக அசைந்தது. சிங்கத் தூணில் வெயில் சிங்கத்தின் மார்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

"போதும். சொல்லு" என்றான் புகையாண்டி.

பூங்காவனம் வாயைத் திறந்தாள்.

ஓட்டிலிருந்த மீன் ஒரே துள்ளு! இந்த ஜாதி மீன் நினைத்தால் ஒரு முழம் துள்ளும். அதனால்தான் தொட்டிக்கு மூடியே. புகையாண்டியின் விரலுக்கு மேலே பறந்து, தொட்டிக்குள் சளக்கென்று விழுந்தது.

எட்டு சேர்ந்துவிட்டது. ஆனால் எட்டாவதற்கு நிறம் இல்லை. பயந்த மீன் வெளுத்துத்தான் இருக்கும். ஏழும் ஜொலிக்க, அது மட்டும் மூலையில் சாம்பலாக நின்றது. வெயில் சிங்கத்தின் முழங்காலைத் தொட்டது. புகையாண்டி இடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து, பூங்காவனத்தின் தலைக்கு நேரே கையை ஓங்கினான்.

அப்போது கூட்டத்திலிருந்து பெரிய மீன் ஒன்று மூலைக்குப் போனது. அதுதான் வஜ்ஜிரம். ஊரில் இருந்த காலத்திலேயே அவருக்கும் ஏகாம்பரத்துக்கும் தினம் காலையில் சண்டை. 'சிவப்பா இது? செங்கல் பொடி!' என்பார் அவர். 'உங்க கண்ணைக் கழுவுங்க!' என்பான் இவன். மீனானால் மட்டும் விட்டுவிடுவார்களா? பெரிய மீன் துடுப்பை எல்லாம் விரித்துக்கொண்டு சாம்பல் மீன் முன்னால் நின்று, 'இதுதான்டா சிவப்பு' என்று காட்டியது. சாம்பல் மீனுக்கு வந்ததே ரோசம்! அதுவும் துடுப்பை விரித்தது. வாலில் ஒரு பொட்டுச் சிவப்பு. முதுகில் நீலம். பிறகு தலையிலிருந்து வால்வரை மொத்தமும் குப்பென்று ஏறியது.

"எட்டு!" என்று கத்தினார் ராஜா.

அடுத்த கணம் தொட்டிக்குள் எட்டு ஆண்பிள்ளைகள் நின்றார்கள். எட்டுப் பேரை எந்தக் கண்ணாடி தாங்கும்? படாரென்று வெடித்து, தண்ணீர் மண்டபம் முழுக்க ஓடியது. மந்திரி நாற்காலிமேல் ஏறினார். புகையாண்டி நின்ற இடத்தில் கறுப்புக் கம்பளி மட்டும் கிடந்தது. அதற்குள் ஒரு சாம்பல் மீன் துள்ளியது. காவலன் ஒருவன் அதைக் கொண்டுபோய் அல்லிக் குளத்தில் விட்டான். கெண்டை அங்கேதான் இருந்தது. தங்க வளையம் போட்ட அந்த உதடு அன்றைக்கு முழுவதும் முட்டிக்கொண்டே இருந்ததாம். அயிரை ராஜாவின் செருப்புக்குள் கிடந்தது. "என்ன நடந்ததோ, அடியில் கிடக்கிற எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அது சொன்னதைக் கேட்டு, ராஜாவே அதை எடுத்துக் குடத்தில் விட்டார்.

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றிப் பூங்காவனத்துக்குக் கொடுத்தார். அரண்மனைச் சாயம் முழுவதும் இனி அந்த எட்டு வீட்டுக்குத்தான் என்றும் உத்தரவு போட்டார். எட்டுப் பேரும் அவளும் ஊருக்கு நடந்தார்கள். வஜ்ஜிரமும் மற்றவர்களும் முன்னால் போக, புருஷனும் பெண்சாதியும் பின்தங்கி வந்தார்கள். வெகுதூரம் நடந்த பிறகு பூங்காவனம் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஒன்று சொல்லணும். எல்லாரும் என்னைப் புத்திசாலி, உத்தமி என்கிறார்கள். நான் வாயைத் திறந்தது எதற்குத் தெரியுமா? பந்தயத்தை விட்டேன், இவரைக் கொடு என்று சொல்லத்தான். ஏழு பேரையும் விட்டுவிடப் பார்த்தேன்."

ஏகாம்பரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியும்" என்றான். "அதனால்தான் நீ சொல்வதற்குள் துள்ளினேன்."

அவர்கள் சாயம் தோய்க்கப் போனார்கள்; கதையும் அவர்களோடு போய்விட்டது. நாம் எழுந்து கையலம்பிச் சாப்பிடப் போவோம்.