தலைவர் பானட்டில் ஏறிய கதை

தன் சிலையைத் தானே திறந்துவைக்கக் கிளம்பினார் ஒன்றியத் தலைவர் தணிகாசலம். கருங்கல் சிலை, ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் வந்தது. தன்னை ஒட்டியே சிலையும் தெரிய வேண்டுமென்று அதை டிரெய்லரின் முன்நுனியில் ஏற்றச் சொல்லியிருந்தார்.

வேகம் எடுத்தாலே ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. வழியில் மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்தாயிற்று, டயரும் மாற்றியாயிற்று. ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இருளாயியின் பஞ்சர் கடையில் வந்து கத்தினார்.

"அரை மணி நேரத்துல சரியாகணும். சிலையில கை வச்சே, நாளைக்கு உன் கடை இருக்காது!"

இருளாயி பார்த்தாள். ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிலையைத் தொடலைங்க. நீங்க பானட் மேல உட்காருங்க. உங்களுக்கு ஊரே அடங்குது, வண்டி அடங்காதா?"

தலைவர் பெருமையாக ஏறினார். டிரைவர் ஓட்டினார். பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்க்க, ஜீப் கோடு போட்ட மாதிரி நேராகப் போய்த் திரும்பியது.

"ஆட்டம் நின்னுடுச்சே! கோளாறு எதுல?"

"வண்டியில இல்லைங்க. கல்லு, ஜீப்புல டிரெய்லரை மாட்டுற கொக்கியை அமுக்குது, முன்சக்கரம் தரையில பதிய மாட்டேங்குது. நீங்க உட்கார்ந்ததும் பதிஞ்சிடுச்சு. இன்னும் முப்பது மைல் இருக்கு. இப்படியே போறீங்களா, இல்ல சிலையைப் பின்னால தள்ளி, டிரெய்லர் சக்கரத்துக்கு மேல வைக்கவா?"

பானட் சூடு தாங்காமல் துள்ளிக் குதித்த தலைவர் அலறினார்:

"அவனைப் பின்னால தள்ளுங்கடா!"